பாக்கி வாடகை எந்தத் தேதியில் வரும்? மதுரை புக்கிங் ஆபீஸ்களுக்கு ஒரு டிரைவரின் திறந்த மடல்

மதுரை, கப்பலூர், விருதுநகர் வட்டாரத்து லாரி புக்கிங் ஆபீஸ் முதலாளிமார்களுக்கும், எல்.ஆர். (லாரி ரசீது) எழுதும் தம்பிமார்களுக்கும், லோடு பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

நான் சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவன். ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே. உங்களில் பல பேருக்கு என் முகம் பழக்கம், பெயர் ஞாபகம் இருக்காது. வண்டி நம்பரைச் சொன்னால் ‘அட, அந்த டிரைவரா’ என்பீர்கள். பெயரையும் நம்பரையும் இதில் எழுதப் போவதில்லை. நாளைக்கும் லோடு கேட்டு உங்கள் வாசலில்தான் வந்து நிற்க வேண்டும்.

டீசல் விலைக்கும் டோல்கேட்டுக்கும் அரசாங்கத்துக்கு மனு எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். கப்பலூர் சுங்கச்சாவடிக்கு மட்டுமே எத்தனை மறியல், எத்தனை மனு! உங்களுக்கு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. ஆனால் சொந்தமாக லாரி எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் என் மாதிரி டிரைவருக்குப் பதில், லோடு இறக்கிய பிறகும் நீங்கள் தராமல் மேஜை டிராயரில் வைத்திருக்கிற பாக்கி வாடகையில்தான் இருக்கிறது. அதனால் இந்த மடல்.

விஷயத்துக்கு வருகிறேன். என் முதலாளிக்கு வயதாகிவிட்டது. மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், லாரித் தொழிலே வேண்டாம் என்கிறான். அதனால் நான் ஓட்டும் வண்டியை என்னையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். 2019 மாடல், பத்துச் சக்கர டாரஸ் லாரி, சரக்கோடு சேர்த்து மொத்த எடை 28.5 டன். வெளியே கொடுத்தால் அவருக்குக் கூடவே கிடைக்கும், எனக்கு 19 லட்சம் என்கிறார். ‘மார்கழியில ஒண்ணும் பேச வேணாம், தை பிறக்கட்டும், யோசிச்சுச் சொல்லு’ என்று விட்டுவிட்டார். நல்ல மனுஷன். வண்டியும் நல்ல வண்டி. கியர்பாக்ஸில் எப்போது சத்தம் வரும், எந்தக் கமான் பட்டையை எப்போது மாற்றினோம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பழைய வண்டி எடுக்கிறவன் எதற்குப் பயப்படுவான்? முன்னாடி ஓட்டியவன் என்ன செய்து வைத்தானோ என்றுதான். இங்கே முன்னாடி ஓட்டியவனே நான்தான்.

புது வண்டி ஆசை இல்லாமல் இல்லை. 2025 செப்டம்பர் 22-லிருந்து லாரிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. அன்றிலிருந்து ஷோரூம் பையன்கள் டீக்கடை வரைக்கும் தேடி வந்து விசிட்டிங் கார்டு கொடுக்கிறார்கள். அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று வேறு ஆகிவிட்டது. கத்திரி வெயிலில் இன்ஜின் சூட்டோடு உட்கார்ந்து ஓட்டியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் 30 லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்துக்கு வாங்கினால் மாதம் 63,741 ரூபாய் டியூ வருகிறது. ஏ.சி.யில் உட்கார்ந்துகொண்டு வேர்க்க வேண்டியதுதான்.

முதலாளியின் வண்டிக்கு என் கையில் இருப்பது, வீட்டு நகை எல்லாம் சேர்த்து 4 லட்சம் தேறும். மீதி 15 லட்சத்துக்குப் பைனான்ஸ். போய்க் கேட்டேன். ‘எட்டு வட்டிதான் அண்ணே’ என்றார் அந்தத் தம்பி. அது பிளாட் வட்டி. வருஷம் 1,20,000 வீதம் நாலு வருஷத்துக்கு 4,80,000. அசலோடு சேர்த்து 19,80,000. அதை 48 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 41,250. அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற பேங்க் கணக்கில் பார்த்தால் இது 14 சதவீதத்துக்கும் மேலே போகிறது என்று பிளஸ் டூ படிக்கும் என் மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். சரி, அது பைனான்ஸ்காரரோடு என் பாடு. எட்டோ பதினாலோ, தொகை தெரிந்துவிட்டது. தேதியும் தெரிந்துவிட்டது. மாதாமாதம் 5-ம் தேதி.

மற்றச் செலவுகளும் அப்படித்தான், பக்கத்திலேயே தேதியோடு வருகின்றன. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும், 2022-ல் அரசு நிர்ணயித்தபடி, இந்த எடை வண்டிக்கு வருஷம் 43,950 ரூபாய், வரி தனி. நேஷனல் பெர்மிட் வருஷத்துக்கு 16,500. மூன்று அச்சு வண்டி என்பதால் 15 வயது வரை, அதாவது 2034 வரைக்கும் அந்தப் பெர்மிட் கிடைக்கும். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம். எட்டு வயது தாண்டினால், 2027-லிருந்து, வருஷா வருஷம் காட்ட வேண்டும். எஃப்.சி. என்றால் கட்டணம் மட்டும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பெயின்ட், வெல்டிங், லைட்டு, பிரேக் வேலை, ஒரு வாரம் வண்டி பட்டறையில் நிற்கும். காலாண்டு வரி இருக்கிறது. டயர் ஒன்று இருபதாயிரத்துக்குக் குறையாது, ஸ்டெப்னியோடு பதினொன்று. இதையெல்லாம் நோட்டில் எழுதிவிட்டேன்.

டீசல் கணக்கும் எனக்கு அத்துப்படி. மதுரையிலிருந்து சென்னை 460 கிலோமீட்டர். லோடோடு லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் என்றால் 115 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 10,580. வழியில் சிட்டம்பட்டி, பூதகுடி, சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று ஒவ்வொரு டோலிலும் பாஸ்டேக் ‘டிங்’ என்று பணத்தை எடுத்துக்கொள்ளும். யாரும் ‘அடுத்த வாரம் தாங்க’ என்று சொல்வதில்லை. ஏற்றுகிற லோடுமேன்களுக்குக் கையில் கொடுக்க வேண்டும், இறக்குகிற இடத்திலும் கையில்தான்.

இப்படிச் செலவுப் பக்கம் முழுக்க நிரம்பிவிட்டது. வரவுப் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. வாடகை எவ்வளவு என்பது எனக்கு ஓரளவு தெரியும், இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். எப்போது வரும் என்பதுதான் தெரியவில்லை.

பாக்கி வாங்க முதலாளி என்னைத்தான் உங்கள் ஆபீஸுக்கு அனுப்புவார். அதனால் அந்த நாற்காலி, ஃபேன், சாமி படத்துக்குக் கீழே எரிகிற சின்ன பல்பு எல்லாம் எனக்கு மனப்பாடம். லோடு இறக்கிய இடத்தில் சீலும் கையெழுத்தும் வாங்கிய எல்.ஆர். காப்பியை நீட்டுவேன். தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ‘சீல் சரியா விழலையேண்ணே’ என்பார். பிறகு ஆணிக் கம்பியில் குத்துவார். அந்தக் கம்பியில் ஏற்கெனவே ஒரு சாண் உயரத்துக்குக் காப்பிகள் இருக்கும். அடியில் இருப்பது பழுப்பேறிவிட்டிருக்கும். அதுவும் யாரோ ஒருவருடைய பாக்கிதான். ‘பார்ட்டி இன்னும் பில் பாஸ் பண்ணலை.’ ‘முதலாளி பேங்குக்குப் போயிருக்காரு.’ இவை சாதாரண நாளுக்கு. செவ்வாயும் வெள்ளியும் பணம் வெளியே கொடுப்பதில்லை. சனிக்கிழமை கணக்கு முடிக்கிற நாள். ஞாயிறு லீவு. வெள்ளிக்கிழமை மகாலட்சுமி உங்கள் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் அதே வெள்ளிக்கிழமை அவள் என் வீட்டுக்குள் வந்தால் அவளுக்கு என்ன குறைந்துவிடும்?

சம்பள டிரைவராக இருக்கிற வரைக்கும் இது எனக்குச் சிரிப்பாக இருந்தது. பாக்கி வந்தாலும் வராவிட்டாலும் என் சம்பளமும் பேட்டாவும் முதலாளி தலையில். இப்போது முதலாளி இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன்.

ஒரு மாதத்தில் வண்டி 2,40,000 ரூபாய்க்கு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லோடு ஏற்றும்போது 70 சதவீதம் அட்வான்ஸ் தருகிறீர்கள். மீதி 72,000 பாக்கி. அது இரண்டு மாதம் கழித்து வருகிறது என்றால், எப்போது பார்த்தாலும் 1,44,000 ரூபாய் உங்கள் கம்பியில் குத்தியபடி இருக்கும். என் டியூவில் மூன்றரை மாதத் தொகை. அந்தப் பணம் இல்லாமல் 5-ம் தேதியைத் தாண்ட வெளியே வாங்க வேண்டும். நம் ஊரில் மூன்று வட்டிக்குக் கிடைத்தாலே அதிர்ஷ்டம். மாதம் 4,320 ரூபாய். அதாவது நீங்கள் எனக்குத் தர வேண்டிய பணத்துக்கு நான் வேறு ஒருவருக்கு மாதம் 4,320 ரூபாய் வட்டி கட்டுவேன். நீங்கள் கொடுக்கும்போது இந்த வட்டியைச் சேர்த்தா கொடுப்பீர்கள்? கேட்டாலே ‘இவன் சரிப்பட்டு வரமாட்டான்’ என்று அடுத்த லோடு வேறு வண்டிக்குப் போகும்.

லாரி எடுத்து நொடித்துப் போனவர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சொல்வது ‘ஓட்டம் இல்லை, டீசல் ஏறிப்போச்சு, பையன் குடிச்சு அழிச்சுட்டான்’ என்பதுதான். எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் வண்டியைப் பைனான்ஸ்காரர் எடுத்துப் போன இரண்டு வீடுகளிலும் ஓட்டம் இருந்தது. வண்டி ஒரு நாள் சும்மா நின்றதில்லை. பாக்கிதான் நின்றது. மூன்று டியூ தவறியதும் சீஸிங் ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு வெளியே இருந்து வர வேண்டிய பணத்தைக் கூட்டினால் டியூவை அடைத்திருக்கலாம்.

நாமக்கல்காரர்களும் சங்ககிரிக்காரர்களும் எப்படித் தொழில் செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அங்கே ஊரே லாரி ஊர். பாடி கட்டுகிறவர், டயர் கடை, பட்டறை, பங்க் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், பாதி சொந்தக்காரர்கள். பாக்கி நின்றால் டயர்க்கடைக்காரரும் பொறுத்துக்கொள்வார். அண்ணன் வண்டி பட்டறையில் நின்றால் தம்பி வண்டி ஓடும். மதுரையில் ஒற்றை வண்டி வைத்திருக்கிறவனுக்கு அப்படி எந்தப் பக்கமும் பிடிமானம் இல்லை.

அதோடு நம் ஊர் வாங்குகிற ஊர். வெங்காயம், கோதுமை, சர்க்கரை, டைல்ஸ், கம்பி என்று வெளியிலிருந்து வருவது அதிகம். இங்கிருந்து டன் கணக்கில் வெளியே போவது குறைவு. மல்லிகைப்பூவுக்கு டாரஸ் தேவையில்லை. முன்னே மேலூர்ப் பக்கம் கிரானைட் இருந்தது, தூத்துக்குடி துறைமுகத்துக்கு இரவும் பகலும் வண்டி போகும். 2012-ல் குவாரிகள் நின்றன. அங்கே நடந்த கொள்ளைக்கு நிறுத்தியது சரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஓட்டத்துக்குப் பதிலாக இன்னொன்று வரவே இல்லை. கப்பலூர் தொழிற்பேட்டை லோடு, விருதுநகர் பருப்பு எண்ணெய், ஆர்.ஆர். நகர் சிமென்ட், தீபாவளிக்கு முன்னால் சிவகாசி, இவ்வளவுதான் சுற்றிச் சுற்றி. சிவகாசிப் பட்டாசு லோடு எடுக்க லைசென்ஸில் அபாயகரமான சரக்குக்கான பயிற்சி முத்திரை வேறு வேண்டும். அதனால் வெளியே போகிற லோடுக்கு நாங்கள் பத்து வண்டி நின்றால் நீங்கள் ஒரு விலை சொல்வீர்கள், ஒன்பது பேர் முறைப்போம், பத்தாவது ஆள் எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அவனுக்கும் 5-ம் தேதி இருக்கிறது. திரும்பி வருவதற்குச் சென்னை மாதவரத்தில் லோடுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும், இல்லையென்றால் காலி வண்டியாக அதே 115 லிட்டரில் கொஞ்சம் குறைவாக எரித்துக்கொண்டு வர வேண்டும்.

வாடகை ஏன் குறைவு என்று நான் சண்டைக்கு வரவில்லை. சந்தை அப்படி. குறைந்த வாடகையும் சொன்ன தேதிக்கு வந்தால் அதை வைத்துக் கணக்குப் போடலாம். கூடின வாடகை எப்போது வரும் என்று தெரியாவிட்டால் நோட்டில் எதை எழுதுவது?

என் வீட்டுக்காரம்மா கேட்ட கேள்வி இன்னொன்று. ‘உங்களுக்குக் காய்ச்சல் வந்தா வண்டிக்கும் காய்ச்சல்தானே?’ பதில் சொல்ல முடியவில்லை. ‘டிரைவர் சம்பளம் மிச்சம், அதுவே லாபம்’ என்று சொந்த வண்டிக்காரர்கள் சொல்வார்கள். அது மிச்சம் இல்லை, என் உழைப்புக்கான கூலி. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தால்தான் லாபம். இதில் ஒரு வேடிக்கை. கணக்குப் புத்தகம் வைக்காமல் வருமான வரி காட்டுகிற சின்ன லாரிக்காரர்களுக்கு அரசாங்கமே ஒரு உத்தேசக் கணக்கு வைத்திருக்கிறது. 12 டன்னுக்கு மேல் போகும் வண்டி என்றால் மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம். என் வண்டிக்கு மாதம் 28,500. கிட்டத்தட்ட நான் இப்போது டிரைவராக வாங்குவதே அவ்வளவு வருகிறது. 19 லட்சம் போட்டு, நகையை அடகு வைத்து, அதே இடத்துக்கா வர வேண்டும்?

சரி, வாடகைச் சீட்டுக்கு வருகிறேன். முன்பக்கம் வண்டி நம்பர், லைசென்ஸ் நம்பர், டன், வாடகை, அட்வான்ஸ். பாக்கிக்கு ஒரு கட்டம் உண்டு, அதில் தொகை மட்டும் எழுதுவீர்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். சரக்கில் சேதம், குறைவு, நனைவு, தாமதம் எதுவானாலும் லாரிக்காரரே பொறுப்பு, பாக்கியில் பிடித்துக்கொள்ளப்படும். எங்களுக்கு நேரும் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று ஒரு வரியும் இருக்காது. ஒரு முறை ஓர் ஆபீஸ் லோடில் மூட்டை மூன்று கிழிந்திருந்தது. இறக்கும்போது லோடுமேன் கொக்கி போட்டதில் கிழிந்தது, என் கண்ணெதிரே. தார்ப்பாயில் ஒரு ஓட்டை கிடையாது. எல்.ஆர். காப்பியில் ‘மூன்று மூட்டை கிழிசல்’ என்று குடோன்காரர் எழுதினார், அவ்வளவுதான். எவ்வளவு சிந்தியது, என்ன விலை என்று எதுவும் எழுதவில்லை. முதலாளியின் பாக்கியில் மூன்று முழு மூட்டைக்கான பணம் போய்விட்டது. கிழிந்த மூட்டையில் இருந்த சரக்கு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. 2007-ல் வந்த சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி சரக்குக்குப் பொறுப்பாளி சரக்கு ரசீது கொடுக்கிற கேரியர். ரசீது உங்கள் பெயரில், பொறுப்பு பின்பக்கத்தில் எங்கள் பெயரில்.

காத்திருப்பும் அப்படித்தான். ‘காலையில வந்துருங்க, பத்து மணிக்கு லோடு’ என்பீர்கள். மறுநாள் சாயங்காலம்தான் ஏற்றுவார்கள். ரிங் ரோட்டு ஓரத்தில் வண்டியைப் போட்டுவிட்டு வேப்ப மரம் தேடி உட்கார்ந்திருப்போம். வண்டியை ஏற்றி முடித்ததும் ‘விடியிறதுக்குள்ள போயிரணும்’ என்று போன் வரும். நாளைக்கு எட்டு மணி நேரம், தொலைதூரம் என்றால் பத்து மணி நேரம் ஓட்டலாம் என்று 1961-லேயே மோட்டார் தொழிலாளர் சட்டம் எழுதி வைத்தார்கள். அதுவும் ஐந்து பேராவது வேலை பார்க்கும் இடத்துக்குத்தான் பொருந்தியது. தன் வண்டியைத் தானே ஓட்டுகிறவனுக்கு மணிக்கணக்கு பார்க்க ஆள் கிடையாது. அவன் தூங்காமல் ஓட்டுவதற்கு நீங்கள் வீணாக்கிய அந்தப் பகல்தான் பாதிக் காரணம்.

சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில்லும் இதில் மாட்டுகிறது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சென்னைக்கு 3 நாள் செல்லும். அங்கே குடோனில் இறக்காமல் போட்டால், வழியில் டயர் வெடித்து நின்றால், நாள் முடிந்துவிடும். கெடு முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னாலும் பின்னாலும் நீட்டித்துக்கொள்ளலாம். ஆனால் நீட்டிக்க வேண்டியது கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற உங்கள் ஆபீஸ். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் அடித்தால் யாரும் எடுப்பதில்லை. ஜி.எஸ்.டி. பறக்கும் படையிடம் சிக்கினால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் என்று வண்டியை நிறுத்திவிடுவார்கள். சரக்குக்காரரும் அதிகாரியும் பேசித் தீர்க்கிற வரைக்கும் நிற்பது வண்டிதான்.

ஓவர்லோடைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்துச் சக்கரத்துக்கு 25 டன் என்றிருந்ததை 2018-ல் 28.5 ஆக்கினார்கள். கூடின மூன்றரை டன்னும் அதே வாடகையில் கரைந்துவிட்டது. இப்போது அதற்கு மேலும் ‘ரெண்டு டன்தான, போட்டுக்கங்கண்ணே’ என்கிறீர்கள். பிடித்தால் 20,000, கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் இன்னொரு 4,000, போதாததற்குக் கூடுதல் சரக்கை அங்கேயே இறக்க வேண்டும். சம்பள டிரைவராக இருக்கும்போதே நான் மாட்டேன் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். சொந்த வண்டி எடுத்தால் சொல்வேனா? டியூ நெருங்குகிற வாரத்தில் என் வாய் என்ன சொல்லும் என்று எனக்கே உறுதி இல்லை. வண்டி எடுக்கத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டம் ஒன்றைச் சொல்கிறேன், மிரட்டல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2006-ம் வருஷத்துச் சிறு தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு நிறுவனத்திடம் சேவை வாங்கியவர் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, கூட்டு வட்டியாக. 2025 ஏப்ரலில் இருந்து இரண்டரைக் கோடி ரூபாய் வரை முதலீடும் 10 கோடி வரை வரவு செலவும் இருந்தால் குறு நிறுவனம்தான். ஒற்றை லாரிக்காரன் அதற்குள் தாராளமாக அடங்குவான். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் காசு கிடையாது, ஆதாரும் பான் கார்டும் போதும். முறையிட மதுரை மண்டலத்துக்கே ஒரு வசதியாக்க மன்றம் இருக்கிறது. இந்தக் கெடு தாண்டி வைத்திருக்கிற பாக்கியை, கொடுத்து முடிக்கிற வருஷம் வரைக்கும் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்றும் இப்போது ஆகிவிட்டது. உங்கள் ஆடிட்டரைக் கேட்டால் சொல்வார்.

நான் உங்கள் மேல் மன்றத்துக்குப் போவேனா? மாட்டேன். போனால் வட்டியோடு பணம் வரும், அதற்கடுத்த நாளிலிருந்து லோடு வராது. சட்டம் என் பக்கம் இருந்தாலும் லோடு உங்கள் பக்கம் இருக்கிறது. ஒற்றை வண்டிக்காரன் யாரும் அந்தப் படியை மிதிக்காததற்குக் காரணம் இதுதான்.

உங்கள் பக்கமும் கஷ்டம் இருக்கிறது, பார்க்காமல் இல்லை. மில்லுக்காரர்களும் கம்பெனிகளும் உங்களுக்கே மூன்று மாதம் இழுக்கிறார்கள். அட்வான்ஸை வாங்கிக்கொண்டு போனை ஆஃப் செய்கிற வண்டிக்காரர்களும் உண்டு. போலி ஆர்.சி. காட்டி லோடையே கடத்தியவர்களும் உண்டு. நம்பி வண்டி அனுப்புவது உங்களுக்கும் வயிற்றில் நெருப்பு. போனில் லோடு பிடிக்கிற ஆப் வந்து உங்கள் கமிஷனையும் கடித்துவிட்டது. அதனால்தான் உடனே பணம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எந்தத் தேதி என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்கிறேன். மில்லுக்காரர் உங்களுக்கு 40 நாளில் தருகிறார் என்றால் 45 என்று எழுதுங்கள். அந்த லோடு எனக்குத் தாங்குமா தாங்காதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன். எழுதிய தேதிக்குக் கொடுக்கிற ஆபீஸ் என்று ஒன்று பெயர் எடுத்துவிட்டால், டன்னுக்கு ஐம்பது ரூபாய் குறைவாகச் சொன்னாலும் நல்ல வண்டிகள் அங்கேதான் வரிசையில் நிற்கும். அட்வான்ஸோடு ஓடிப் போகிற வண்டி அந்த வரிசையில் இருக்காது. ஓடிப் போகிறவனுக்குப் பாக்கித் தேதி எதற்கு?

இன்னும் இரண்டு மூன்று சின்ன விஷயம். லோடு ஏற்றவும் இறக்கவும் வண்டி வந்து 24 மணி நேரத்துக்கு மேல் ஆனால் நாளுக்கு எவ்வளவு ஹால்டிங் (காத்திருப்புக் கூலி) என்று சீட்டிலேயே ஒரு தொகை போட்டுவிடுங்கள், குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. இறக்குக்கூலி யார் பொறுப்பு என்று எழுதுங்கள். சேதம் என்றால் இறக்கிய இடத்திலேயே எடை போட்டு, எத்தனை கிலோ என்று எழுதி, டிரைவர் கையெழுத்தும் வாங்கட்டும். அதற்குப் பிறகு பிடித்துக்கொள்ளுங்கள், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். இ-வே பில்லுக்கு ராத்திரி போன் எடுக்க ஆபீஸில் ஒரு ஆள் இருக்கட்டும்.

மாதிரிச் சீட்டு ஒன்றை மகளை வைத்து டைப் அடித்திருக்கிறேன். ஒரே பக்கம், பின்பக்கம் வெறும் தாள். காப்பி எடுத்து வண்டியில் வைத்திருக்கிறேன். பொங்கலுக்குள் லோடு கேட்டு உங்கள் ஆபீஸுக்கு வரும்போது தம்பியிடம் ஒன்று கொடுக்கிறேன். பாக்கித் தேதிக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுத் தர இரண்டு ஆபீஸ் முன்வந்தால் எனக்குப் போதும், முதலாளியிடம் வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவேன். இல்லையென்றால் அவர் யாருக்கு விற்கிறாரோ அவருக்கே டிரைவராக ஓட்டுவேன், பாக்கி வாங்கவும் நானே வருவேன்.

இப்படிக்கு,
திருமங்கலம் பக்கத்து டிரைவர் ஒருவன்